விரல் நுனிக்கென ஒரு பக்கம்

ஆண்டுதோறும் ஜனவரி 4ஆம் திகதி உலக பிரெயில் தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் சபை 2018ஆம் ஆண்டில் பிரகடனம் செய்த இத்தினம், லூயி பிரெயில் பிறந்த தினமாகும். விழிப்புலனற்றோருக்கு ஆறு புள்ளிகளைத் தந்தவர் அவர் என்பதை நாம் அறிவோம். ஆனால், பார்வையுள்ளோரின் பக்கத்தை அப்படியே மேலெழும்பச் செய்து கொடுத்தால் போதும் என்ற எண்ணத்துக்கு எதிராகவே அவர் வாழ்நாள் கழிந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. ஒரு விசையை அழுத்தியதும் கணினி நூலொன்றை பிரெயிலுக்கு மாற்றிவிடும் இக்காலத்தில், அந்த வாழ்வை நாம் மீண்டும் நினைத்துப் பார்ப்பது பொருத்தமானதாகும்.

பரிஸ் நகருக்குக் கிழக்கேயுள்ள கூவ்ரே என்ற கிராமத்தில் 1809ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தபோது, தோலில் துளையிடும் குத்தூசி அவரது ஒரு கண்ணில் பாய்ந்தது. காயத்தில் ஏற்பட்ட கிருமித்தொற்று மற்றக் கண்ணையும் பாதித்தது. ஐந்து வயதுக்குள் அவர் பார்வையை முற்றாக இழந்தார். எனினும் பெற்றோர் அவரை வீட்டில் முடக்கி வைக்கவில்லை. கிராமப் பாடசாலையில் ஏனைய பிள்ளைகளுடன் அமர்ந்து, செவியால் கேட்டே அவர் கற்றார். பத்தாவது வயதில், 1819ஆம் ஆண்டு, பரிஸிலிருந்த விழிப்புலனற்ற சிறாருக்கான அரச நிறுவனத்தில் சேர்க்கப்பட்டார்.

அந்நிறுவனத்தை ஆரம்பித்த வலண்டீன் ஆவி, விழிப்புலனற்றோருக்கென நூல்களை முதன்முதலில் அச்சிடுவித்தவர்களுள் ஒருவர். அவரது முயற்சி போற்றுதற்குரியது. ஆயினும் அந்நூல்களில் இருந்தவை கண்ணுக்கென வடிக்கப்பட்ட எழுத்துகளே. அவை தடித்த தாளில் மேலெழும்ப அழுத்தப்பட்டிருந்தன. ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் விரலால் தடவித் தடவியே இனங்காண வேண்டியிருந்தது. எழுத்துகள் பெரிதாக இருந்தமையால் நூல்களும் பாரமாயின. அவற்றை மாணவர் சிரமத்துடன் வாசிக்க முடிந்தாலும், அம்முறையில் தாமாக எழுதுவது இயலாததாகவே இருந்தது.

1821ஆம் ஆண்டில் சார்ள் பார்பியே என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரியின் புள்ளி எழுத்துமுறை அந்நிறுவனத்துக்கு அறிமுகமானது. கோடுகளை விடப் புள்ளிகளையே விரல் எளிதில் உணரும் என்பது அதன் சிறப்பு. ஆனால் அதில் ஓரலகுக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இடம்பெற்றன. விரல் நுனி மேலும் கீழும் அசைந்தாலன்றி ஓர் அலகை முழுமையாக உணர முடியவில்லை. அது ஒலிகளை மாத்திரம் குறித்ததால் சரியான எழுத்துக்கூட்டலுக்கும் நிறுத்தற்குறிகளுக்கும் இடமிருக்கவில்லை. சிறுவன் லூயி இக்குறைகளைக் களைய முற்பட்டான். பதினைந்தாவது வயதில், 1824ஆம் ஆண்டளவில், அவனது முறை பெரும்பாலும் உருப்பெற்றுவிட்டது. ஆறே புள்ளிகள், விரல் நுனி ஒரே தொடுகையில் உணரும் அளவு, அவற்றிலிருந்து பிறக்கும் 63 வடிவங்கள். எழுத்து, இலக்கம், நிறுத்தற்குறி, இசைக்குறி யாவும் அவற்றுள் அடங்கின.

1829ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற் பதிப்பில் புள்ளிகளோடு சிறு கோடுகளையும் அவர் சேர்த்திருந்தார். விரல் அவற்றைப் பிரித்தறியச் சிரமப்பட்டது. 1837ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பில் அக்கோடுகள் நீக்கப்பட்டன. தமது ஆக்கத்தையே விரலின் தீர்ப்புக்கு உட்படுத்திய அவரது பண்பு நமக்குப் பாடமாக அமைகின்றது. அதே நிறுவனத்தில் ஆசிரியராகவும், பரிஸ் தேவாலயங்களில் ஓர்கன் இசைப்பவராகவும் அவர் பணியாற்றினார்.

எனினும் 1840ஆம் ஆண்டில் பதவியேற்ற புதிய பணிப்பாளர் அம்முறையை ஒதுக்கிவைத்தார். பார்வையுள்ளோரின் எழுத்திலிருந்து வேறுபட்ட எழுத்து விழிப்புலனற்றோரைத் தனிமைப்படுத்தும் என்பது அக்கால நிர்வாகிகள் பலரது கருத்து. மாணவர்களோ இரகசியமாக அதையே பயன்படுத்தி வந்தனர். இறுதியில் 1844ஆம் ஆண்டு, நிறுவனத்தின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அம்முறை பகிரங்கமாக எடுத்துரைக்கப்பட்டது. நெடுநாள் காசநோயால் வாடிய லூயி பிரெயில், 1852 ஜனவரி 6ஆம் திகதி தமது 43ஆவது வயதில் காலமானார். பிரான்ஸ் அவரது எழுத்தை உத்தியோகபூர்வமாக ஏற்றது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னரேயாகும்.

1951ஆம் ஆண்டு பெய்ரூத்தில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு, ஆசிய மொழிகளின் பிரெயிலை ஒழுங்குபடுத்த வழிகோலியது. அச்சில் மெய்யெழுத்துக்கு முன்னால் நிற்கும் எகர, ஏகாரக் குறிகள் தமிழ் பிரெயிலில் அதன் பின்னாலேயே வருகின்றன. வலமிருந்து இடமாக எழுதப்படும் அரபு மொழியும் பிரெயிலில் இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படுகின்றது. புனித குர்ஆனை விரலால் ஓதுவோரும் அவ்வாறே ஓதுகின்றனர். கண்ணின் ஒழுங்கு வேறு, விரலின் ஒழுங்கு வேறு என்பதற்கு இவை சான்றாகும்.

இன்றைய பிரெயில் மாற்று மென்பொருட்களைப் பயன்படுத்துவோர் இதனை மறந்துவிடலாகாது. பரவலாகப் பயன்படும் பெரிய தாளில் ஒரு வரிக்கு 40 கலங்களும் பக்கத்துக்கு 25 வரிகளுமே அடங்கும். தடித்த பெரிய எழுத்திலான தலைப்பு விரலுக்கு எதையும் உணர்த்தாது. அதற்கு மேலே ஒரு வெற்று வரியும், வரியில் தனியானதோர் இடமும் வேண்டும். பந்தி எங்கு தொடங்குகின்றது, அட்டவணையின் நிரல் எங்கு முடிகின்றது, அச்சு நூலின் பக்க இலக்கம் எது என்பனவும் தெரிய வேண்டும். எது தலைப்பு, எது பட்டியல் என்று குறித்துக் கொடுத்தால் மென்பொருள் அவற்றை உரிய இடத்தில் அமைக்கும். வெற்றிடங்களைத் தட்டி அழகுபடுத்திய பக்கத்தைக் கொடுத்தால், வினாவும் விடைத்தெரிவுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

அவ்வாறான வினாத்தாளைப் பரீட்சை மண்டபத்தில் பெறும் மாணவன், வினா எங்கே தொடங்குகின்றது எனத் தேடுவதிலேயே நேரத்தை இழக்கிறான். அவன் இழக்கும் புள்ளிகள் அவனது அறிவுக் குறைவால் இழக்கப்பட்டவை அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டில் ஏற்று உறுதிப்படுத்தியுள்ளது. எனவே பாடநூலாயினும் வினாத்தாளாயினும், அச்சேறுமுன் பிரெயில் வாசிக்கும் ஒருவரின் விரல் அதனைச் சரிபார்ப்பதை நாம் கட்டாயமாக்க வேண்டும். தமது எழுத்தையே அவ்வாறு சரிபார்த்துத் திருத்திய லூயி பிரெயிலுக்கு நாம் செலுத்தக்கூடிய உண்மையான மரியாதை அதுவேயாகும்.