சேர் பொன்னம்பலம் அருணாசலமும் மலைநாட்டுத் துண்டுச் சீட்டும்

பொருளீட்டுதல் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டதன்று. அஃது எவ்வழியால் ஈட்டப்படுகின்றது, ஈட்டுங்கால் எவர் கண்ணீர் சிந்துகின்றார் என்பனவே அறநூலார் ஆராயும் பொருள்களாம். சட்டம் ஒரு செயலுக்கு இடங்கொடுத்துவிட்டமையால் அச்செயல் அறமாகிவிடுமோ என்னும் வினா, நீதி புகட்டும் ஆசிரியர் அனைவர்க்கும் ஒருநாள் எதிர்ப்படுவதே. அவ்வினாவிற்குத் தமது வாழ்க்கையால் விடை கூறிய சைவப் பெரியார் ஒருவரின் சரித்திரத்தைக் கண்டி மலைநாட்டோடு பொருத்தி ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் தேதி கொழும்பிலே பிறந்தார்கள். தந்தையார் கொச்சிக்கடையிற் பொன்னம்பலவாணேசர் கோயிலை எடுப்பித்த பொன்னம்பல முதலியார். தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அருணாசலம் அவர்கள் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் கிறைஸ்ற் கல்லூரியிற் கற்றுத் தேறி, 1875ஆம் ஆண்டிலே இலங்கைச் சிவில் சேவைக்குரிய போட்டிப் பரீட்சையில் வெற்றி பெற்றார்கள். இலங்கையருள் அவ்வழியாக அச்சேவையிற் புகுந்தவர் அவரே முதல்வர். உத்தியோகத்தின் தொடக்ககாலத்திற் கண்டிப் பொலிஸ் நீதிமன்றத்திலுங் கடமை பார்த்தார்கள்.

அந்நாளிற் கண்டி மலைநாடு இருந்த நிலையை ஆசிரிய அன்பர்கள் நினைவுகூர்தல் வேண்டும். 1820ஆம் ஆண்டுகளிலே கம்பளை, கன்னொறுவை முதலிய இடங்களிற் கோப்பிப் பயிர் தொடங்கிற்று. 1867ஆம் ஆண்டில் ஏவாகெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துராவிலே தேயிலை நடப்பட்டது. 1869ஆம் ஆண்டிற் கோப்பி இலைகளிற் கண்ட நோயினால் அப்பயிர் நாளடைவில் அழிய, தேயிலை அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. பயிர் மாறியும் உழைத்தவர் மாறினாரல்லர். தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க்கரையில் இறங்கி, காடு வழியாகக் கால்நடையாய் மாத்தளையை வந்தடைந்த ஏழைத் தமிழரே இரு பயிர்க்கும் உழைத்தவராவர். பசியும் நோயும் வாட்ட, அவ்வழியில் மாண்டார் பலர்.

அவர்கள் மலையேறும்போதே கடனையுஞ் சுமந்து ஏறினார்கள். வழிச்செலவு, சோறு, துணி ஆகியவற்றின்பொருட்டுக் கங்காணி கொடுத்த முன்பணம் அவர்கள் பெயரில் எழுதப்பட்டது. தோட்டம் மாற விரும்பின், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவ்வாட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டொன்று வேண்டும். அதுவே துண்டு எனப்பட்டது. வேறு தோட்டத்தார் அத்தொகையைச் செலுத்தி ஆட்களை ஏற்றுக்கொள்வர். கடன் தீர்ந்ததோ எனின், தீரவில்லை. ஒரு தோட்டத்துக் கணக்கிலிருந்து மற்றொரு தோட்டத்துக் கணக்கிற்குப் பெயர்ந்தது. கடனோடு மனிதரும் கைமாறினர். துண்டின்றி, உரிய முன்னறிவித்தலுமின்றி நீங்கியவரை 1865ஆம் ஆண்டுச் சட்டம் குற்றவாளியாக்கி, அபராதத்திற்கோ சிறைக்கோ உட்படுத்திற்று. அத்தகைய வழக்குகள் மலைநாட்டு நீதிமன்றங்களில் நடந்துவந்தன.

தோட்டக்காரர் பக்கத்து நியாயத்தையும் மறைக்காது கூறுதல் முறை. யாம் பணங்கொடுத்து ஆட்களை வரவழைத்தோம். அவர்கள் மறுநாளே ஓடிவிடின் எம் பணத்திற்கு யாது பாதுகாப்பு என்று அவர் வினவினர். பிறர் பொருளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது மெய்யே. ஆயின் நெல் வணிகனும் துணி வணிகனும் பட்ட கடனுக்குச் சிவில் வழக்கன்றோ தொடுக்கின்றனர்? அவர்க்குப் போதுமான நீதி, தோட்டத்தார்க்கு மாத்திரம் போதாமற் போவது ஏன்? அன்றியும், பசியால் வாடியவன் எழுத்தறியாது வைத்த கைந்நாட்டு முழுமனத்தோடு செய்த உடன்பாடு ஆகாது. அதனை மீறினான் என்று அவனைச் சிறையிலிடுதல், கொடுத்த பொருளை மீட்கும் முயற்சியன்று. ஆளையே பொருளாக எண்ணுதலாம்.

அருணாசலம் அவர்கள் பதிவுத் திணைக்களத் தலைவராய் இருந்தபோது, காணிப் பதிவிலே மலிந்திருந்த ஒழுங்கீனங்களைக் களைந்தார்கள். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பினை நடாத்தி, அரிய அறிக்கையொன்றும் வரைந்தார்கள். 1913ஆம் ஆண்டில் உத்தியோகத்தினின்றும் நீங்கினார்கள். செல்வமும் பட்டமும் உடைய அறுபது வயதினர் ஓய்ந்திருப்பின் அவரைக் குறைகூறுவார் யார்? அவரோ 1915ஆம் ஆண்டிலே இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தையும், 1919ஆம் ஆண்டிலே தொழிலாளர் நலச் சங்கத்தையும் தாபித்தார்கள். பின்னதற்குக் காரியதரிசியாக வாய்த்தவர் கண்டி திரித்துவக் கல்லூரியிற் கற்ற பெரி சுந்தரம் அவர்கள். மலைநாட்டுத் தோட்டச் சூழலில் வளர்ந்த அவர் 1931ஆம் ஆண்டிற் தொழில் மந்திரியாகவும் உயர்ந்தார். தொழிலாளியைக் குற்றவாளியாக்கும் விதிகளை நீக்குக என்பதே அவ்விருவரும் விடாது வற்புறுத்தியது. இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் உடன்சேர, 1921ஆம் ஆண்டில் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதனை அடுத்துச் சிறைத்தண்டனை விதிகளும் நீங்கின. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927ஆம் ஆண்டிலேயே வந்தது. அதனைக் காண அவர் உயிரோடு இருந்திலர்.

ஈண்டு நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டுவதொன்று உளது. துண்டு எழுதிக் கொடுத்த துரை அந்நியர். கடன் கணக்கு வைத்திருந்த கங்காணியோ தமிழர். அவருள் நெற்றியில் நீறு பூசியவரும், தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா எடுத்தவரும் பலர். கோயிலுக்குக் கொடுத்த கை, கூலிக்காரன் கணக்கிற் கூட்டி எழுதிய கையாகவும் இருந்திருப்பின், அக்கொடையை இறைவன் எங்ஙனம் ஏற்பான்? அந்நியர் செய்த கொடுமையை மாத்திரம் மாணாக்கர்க்குச் சொல்லி, நம்மவர் பங்கை மறைப்போமாயின், நாம் கற்பிப்பது சரித்திரமாகாது.

அருணாசலம் அவர்கள் 1924ஆம் ஆண்டு சனவரி மாதம் 9ஆந் தேதி தலயாத்திரையிலே மதுரையிற் சிவபதம் அடைந்தார்கள். இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று 1906ஆம் ஆண்டிலேயே சங்கங் கூட்டி உழைத்த அவரது எண்ணம் பிற்காலத்திற் கைகூடிற்று. சர்வகலாசாலை 1952ஆம் ஆண்டிற் கண்டிக்கு அணித்தாகிய பேராதனையில் நிலைபெற்றது. அங்கே மாணாக்கர் விடுதியொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கன்னொறுவை மகாவலியின் மறுகரையிலேயே உளது.

ஆசிரிய அன்பர்காள்! நாம் வகுப்பிலே வட்டிக் கணக்குக் கற்பிக்கின்றோம். முதல், வட்டி, காலம் என்னும் மூன்றையும் பிள்ளைகள் பிழையின்றிப் பெருக்குகின்றனர். விடை வந்தபின் மற்றொரு வினாவையும் உடன் வினவுவோமாக. இத்தொகையைச் செலுத்துபவர் யார், அவர் ஒரு நாளிற் பெறுங் கூலி எவ்வளவு, இதனைச் செலுத்திய பின் அவர் வீட்டு உலையிற் போட அரிசி எஞ்சுமோ என்பதே அது. அவ்வினாவைச் சிறு பருவத்திலே கேட்டுப் பழகிய பிள்ளை, நாளைக்குக் கணக்குப் புத்தகத்தைத் தன் கையில் ஏந்தும்போது அஞ்சி எழுதும். அவ்வச்சமே பொருளைக் காக்கும் அறமாம்.