சோப்பின் ரகசியம் கண்டவர்

கொழுப்போடு சோடாக் காரம் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு வரும். இதை மக்கள் வெகு காலமாக அறிவார்கள். ஏன் வருகிறது என்பதுதான் விளங்காமல் இருந்தது. அதை விளக்கியவர் பிரெஞ்சு விஞ்ஞானி மிஷேல் ஷெவ்ரல்.

இவர் 1786-ல் ஆன்ஷே நகரில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். 17-வது வயதில் பாரிஸ் சென்று ரசாயனம் பயின்றார். 1811-ல் பன்றிக் கொழுப்பில் செய்த சோப்பு ஒன்றைச் சோதிக்கத் தொடங்கியவர், 12 ஆண்டுகள் அந்த ஆராய்ச்சியை விடவில்லை. காரம் சேர்ந்ததும் கொழுப்பு இரண்டாகப் பிரிகிறது என்று கண்டார். ஒரு பகுதி அமிலங்கள். அவை காரத்தோடு கூடிச் சோப்பாகின்றன. மற்றது இனிப்பான திரவம். ஸ்வீடன் தேசத்து ஷீலே முன்பே கண்டிருந்த அதற்குக் கிளிசரின் என்று பெயர் சூட்டியவர் ஷெவ்ரலே. 1823-ல் இவற்றையெல்லாம் நூலாக வெளியிட்டார்.

1886-ல் அவருடைய நூறாவது பிறந்த நாளைப் பிரான்ஸ் விழாவாகக் கொண்டாடியது. அந்த வயதிலும் அவர் தம்மை மாணவராகவே கருதினார். 1889-ல், 102-வது வயதில் காலமானார்.

இன்று தாவர எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கும்போது அடியில் தங்குவதும் அதே கிளிசரின்தான். அந்தக் கசண்டைக் கொண்டு வீட்டிலேயே சோப்பு காய்ச்சுவோர் உண்டு. ஆனால் அதில் மெத்தனால் என்ற நஞ்சு கலந்திருக்கும். அது எளிதில் தீப்பற்றும். அதை முழுவதும் நீக்காமல் சோப்பு செய்வது ஆபத்து. கழிவிலும் பயன் உண்டு. ஆனால் அதில் இருப்பது என்னவென்று முதலில் அறிய வேண்டும். ஷெவ்ரல் வாழ்நாளெல்லாம் செய்தது அதைத்தான்.