ஹென்ரியேட்டா லாக்ஸ்

ஹென்ரியேட்டா லாக்ஸ் (ஆகஸ்டு 1, 1920 - அக்டோபர் 4, 1951) ஹீலா எனும் உயிரணு வரிசைக்கு மூலமான ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் ஆவார். வர்ஜீனியாவின் ரோனோக் நகரில் பிறந்தார். 1951 இல் பால்ட்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது, இவரது இசைவின்றி இழையம் எடுக்கப்பட்டது. ஜார்ஜ் கை என்பாரின் ஆய்வகத்தில் அவ்வுயிரணுக்கள் இறவாது பெருகின.

அவ்வாய்வக வழக்கப்படி, இவரது பெயர், குடும்பப்பெயர் ஆகியவற்றின் முதலிரு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அவற்றுக்குப் பெயரிடப்பட்டது. போலியோ தடுப்பு மருந்துச் சோதனைகளுக்கு அவை பயன்பட்டன. ஆயினும், உயிரணுக்களுக்கு உரியவர் ஹெலன் லேன் என்னும் தவறான செய்தியே நெடுங்காலம் பரவியிருந்தது. குடும்பத்தினர் 1970களில்தான் உண்மையை அறிந்தனர். வர்ஜீனியாவின் குளோவரில் அடையாளமின்றிக் கிடந்த இவரது கல்லறையில் 2010 இல் பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது.