கப்பல் கோதுமையை நிறுத்தச் சொன்ன பொள்ளாச்சிக்காரர்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் மனைப்பிரிவுப் பலகைகளுக்கு நடுவே இன்னும் நெல் விளைகிறது. நீங்கள் அந்தப் பக்கத்து விவசாயி என்றால், அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடும்போது ஒரு விலை கிடைக்கும். அந்த விலையை டெல்லியில் ஒரு ஆணையம் பரிந்துரைக்கிறது. அது உருவானது 1965-ல், சி.சுப்பிரமணியம் மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்தபோது. அதே ஆண்டு பொங்கல் சமயத்தில் இந்திய உணவுக் கழகமும் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான்.

சி.எஸ். 1910-ல் பொள்ளாச்சி அருகே செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்தார், சிறை சென்றார், சென்னை மாகாணத்தில் 10 ஆண்டுகள் அமைச்சராக இருந்தார். டெல்லியில் எஃகுத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தவரை, 1964-ல் சாஸ்திரி விவசாயத்துக்கு மாற்றினார். யாரும் விரும்பிக் கேட்காத துறை அது.

காரணம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தால்தான் ரேஷன் கடையில் சரக்கு இருக்கும். ரூபாயிலேயே விலை கொடுக்கலாம் என்பதால் வசதியாகவும் இருந்தது. அந்த வசதிதான் வினை. வெளியூர் தானியம் மலிவாக வந்துகொண்டே இருந்தால், உள்ளூர் விவசாயிக்கு நல்ல விலை கொடுக்க யாருக்கு அக்கறை வரும்?

விளைபொருளுக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டும் என்று சி.எஸ். கேட்டபோது, நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியே எதிர்த்தார். இதற்கிடையே 1965 பிப்ரவரியில் இந்திப் பிரச்சினைக்காக சி.எஸ்.ஸும், செங்கல்பட்டு எம்.பி.யாக இருந்த ஓ.வி.அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிறகு திரும்பப் பெற்றார்கள். அன்று அவர் போயிருந்தால் கதையே வேறு.

1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. அதிபர் ஜான்சன் கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்தார். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஃப்ரீமனோடு சி.எஸ். ஓர் உடன்பாடு செய்தார். அமெரிக்காவுக்குப் பணிந்துவிட்டார் என்று ஏசினார்கள். ஆனால் அதிலிருந்த பல நிபந்தனைகள், அவரே அமைச்சரவையில் வாதாடிக்கொண்டிருந்தவை. எனக்குத் தெரிந்து, உதவி கொடுத்தவரின் அழுத்தத்தைத் தன் வேலைக்கு இவ்வளவு சாமர்த்தியமாகத் திருப்பிக்கொண்டவர் குறைவு.

1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை வந்தது. அதற்கு முன்பே விவசாயிகளின் வயல்களில் செயல்விளக்கம் நடத்தச் செய்திருந்தார். டெல்லியில் தன் வீட்டுப் புல்வெளியிலும் கோதுமை விதைத்தார். எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். அந்த விதை உரத்தையும் நிலத்தடி நீரையும் அதிகம் தின்றது என்பதும் உண்மை. அதன் பாக்கியைப் பஞ்சாப் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.

1967 தேர்தலில் அரிசித் தட்டுப்பாடு காங்கிரஸைச் சாய்த்தது. சி.எஸ்.ஸும் தோற்றார். மறு ஆண்டு 1.6 கோடி டன்னுக்கு மேல் கோதுமை விளைந்து, வைக்க இடமில்லாமல் வடக்கே பள்ளிக்கூடங்களில்கூட மூட்டைகளை அடுக்கினார்கள். அப்போது அவர் அமைச்சராக இல்லை.