அன்னமும் ஆரத்தியும்: தரிகொண்ட வெங்கமாம்பா

திருமலைக்குச் செல்லும் அடியார்களில் பெரும்பாலோர் ஒரு வேளையாவது அங்குள்ள அன்னப்பிரசாதக் கூடத்தில் அமர்ந்து உண்டிருப்பார்கள். ஒரே வேளையில் ஏறத்தாழ 4,000 பேர் அமரக்கூடிய அந்தப் பெரிய கட்டடம் 2011-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அது மாத்ருஸ்ரீ தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தரிசன வரிசையில் நின்று களைத்து, பசியோடு உள்ளே விரையும் கூட்டத்தில் அந்தப் பெயரை நின்று படிப்பவர் குறைவு. தெலுங்கு நாட்டில் அன்னமாச்சாரியாருக்கு அடுத்தபடியாகத் திருமலையோடு சேர்த்து நினைக்கப்படும் பெயர் அது. தமிழ் அன்பர்களில் பலர் அதை ஏதோ ஒரு கொடையாளியின் பெயர் என்றே எண்ணுகின்றனர். வெங்கமாம்பா செல்வச் சீமாட்டி அல்லர். சொந்த ஊரார் விரட்டிய ஓர் இளம் விதவை அவர்.

பழைய சித்தூர் மாவட்டத்தில் வாயல்பாட்டிற்கு அருகே உள்ள சிற்றூர் தரிகொண்டா. தயிர் கடையும் பானையில் நரசிம்மரின் திருவுருவம் கிடைத்ததால் ஊருக்கு அப்பெயர் வந்தது என்பர். அங்கே லக்ஷ்மி நரசிம்மர் கோயில் கொண்டிருக்கிறார். கானாலா கிருஷ்ணய்யா, மங்கமாம்பா என்ற அந்தணத் தம்பதியருக்கு 1730-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர் வெங்கமாம்பா. வேங்கடவனின் அருளால் பிறந்த குழந்தை என்பதால் அந்தப் பெயர்.

அமைதியான காலத்தில் அவர் பிறக்கவில்லை. தரிகொண்டாவுக்கு அருகில் உள்ள குர்ரம்கொண்டா மலைக்கோட்டை, அவருடைய வாழ்நாளுக்குள் கடப்பை நவாப், மராட்டியர், ஹைதர் அலி, திப்பு சுல்தான், நிஜாம், கிழக்கிந்தியக் கம்பெனி என்று கை மாறிக்கொண்டே இருந்தது. படைகள் வந்துபோகும் வழியில் இருந்த ஊர்கள் அவை. இத்தகைய காலங்களில் அஞ்சிய சமூகம் தன் கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கிக்கொள்வது உண்டு. அந்த இறுக்கம் பெரும்பாலும் பெண்களின் மீதுதான் விழுகிறது.

சிறுமியாக இருந்தபோதே வெங்கமாம்பா விளையாட்டை விட்டு, நரசிம்மர் சந்நிதியில் தனியே அமர்ந்து பாடுவார். சில வேளைகளில் தம்மை மறந்து கிடப்பார். பெண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊரார் பேசினர். தம் நூல் ஒன்றின் தொடக்கத்தில், எந்த ஆசிரியரிடமும் அமர்ந்து அரிச்சுவடிகூடக் கற்கவில்லை என்று அவரே கூறுகிறார். அவையடக்கம் சற்றுக் கலந்திருந்தாலும் அது உண்மைக்குத் தொலைவில் இராது. அக்காலத்தில் பெண்ணைப் பாடசாலைக்கு அனுப்புவார் யார்? பின்னாளில் மதனப்பள்ளியைச் சேர்ந்த சுப்பிரமணிய தேசிகர் என்ற பெரியவர் அவருக்கு யோகத்தையும் வேதாந்தத்தையும் உபதேசித்தார். இந்தக் குருவைத் தம் நூல்களில் அவர் மறவாமல் வணங்குகிறார்.

அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. மாப்பிள்ளை நரகுண்டா என்னும் ஊரைச் சேர்ந்த இஞ்சேட்டி வெங்கடாசலபதி. கணவன் மனைவியாக வாழும் முன்பே அவர் காலமாகிவிட்டார். வெங்கமாம்பாவின் வாழ்க்கையில் உண்மையான போராட்டம் இங்கேதான் தொடங்குகிறது.

கணவனை இழந்த பெண்ணுக்கு அன்றைய அந்தணக் குலம் விதித்தது என்ன என்பதை இன்றைய இளையோர் அறிந்திருக்க மாட்டார்கள். தலைமுடி மழிக்கப்படும். குங்குமம், வளை, மலர், மஞ்சள் யாவும் பறிக்கப்படும். ஒருவேளை உணவு, ஒற்றைப் புடவை, வீட்டின் இருண்ட மூலை. திருமணம், சீமந்தம், கோயில் விழா என எந்த மங்கல நிகழ்ச்சியிலும் அவள் முன்னே வரக்கூடாது. எதிரில் வந்தாலே சகுனம் கெட்டது. பத்து வயதுக் குழந்தைக்கும் இதே விதிதான். தாய் தந்தையர் மனம் நொந்தாலும் ஊருக்கு அஞ்சி உடன்பட்டனர். மறுத்தால் குடும்பமே சாதியினின்றும் விலக்கப்படும்.

வெங்கமாம்பா மறுத்தார். தம் உண்மையான நாயகன் வேங்கடவனே, அவனுக்கு அழிவில்லை, ஆகவே தாம் கைம்பெண் அல்லர் என்பது அவருடைய வாதம். கூந்தலோடும் குங்குமத்தோடும் அவர் நடமாடினார். இறைவனை நாயகனாக வரித்த ஆண்டாளையும் அக்கமகாதேவியையும் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மனிதருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்றார் ஆண்டாள். வெங்கமாம்பாவோ திருமணம் முடிந்து, தாலி இறங்கிய பிறகு, சாத்திரம் தம்மை அமங்கலி என்று தீர்ப்பளித்த பின்னர் அத்தீர்ப்பை ஏற்க மறுத்தவர். சதியை ஒழிக்கப் பாடுபட்ட ராஜா ராம்மோகன் ராய் பிறந்தது 1772-இல். விதவை மறுமணச் சட்டம் வந்தது 1856-இல். சீர்திருத்தம் என்ற சொல்லே கேட்கப்படாத ஒரு சிற்றூரில், துணைக்கு ஒரு சங்கமும் சட்டமும் இல்லாமல், தனியொரு பெண் நின்ற நிலை அது.

ஊரார் இந்த வழக்கைப் புஷ்பகிரி பீடத்தின் ஆச்சாரியர் ஊருக்கு வந்தபோது அவரிடம் கொண்டுசென்றனர். இந்நிகழ்ச்சி பலவாறாகச் சொல்லப்படுகிறது. மழித்த முடி மீண்டும் முளைக்குமே, முளைக்க வைப்பவன் இறைவன் அல்லவா, அவன் தருவதை மனிதர் ஏன் பறிக்க வேண்டும் என்று அவர் கேட்டதாக ஒரு வரலாறு. வலுவில் முடி மழிக்கப்பட்டு, நீரில் மூழ்கி எழுந்தபோது கூந்தல் முன்போல் நின்றது என்று மற்றொன்று. ஆச்சாரியரை வணங்கச் சொன்னபோது, இருக்கையினின்றும் அவரை இறங்கச் சொல்லிவிட்டு வெங்கமாம்பா வணங்கினார், வெற்றிருக்கை தீப்பற்றியது என்று வேறொன்று. அற்புதங்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஆனால் எல்லாக் கதைகளிலும் ஒன்று பொதுவாக இருக்கிறது. கற்றோரும் பெரியோரும் கூடிய அவையில் ஓர் இளம்பெண் கேள்வி கேட்டாள். அவையிடம் அதற்கு விடை இல்லை. மக்கள் நினைவில் தங்கியது அதுதான்.

அதன் பிறகும் தரிகொண்டா அவரை நிம்மதியாக விடவில்லை. நரசிம்மர் கோயிலில் அனுமனின் திருவுருவத்திற்குப் பின்னே மறைவாக அமர்ந்து அவர் தியானம் செய்வது வழக்கம். அதைக் கண்ட அர்ச்சகர் அவரைக் கூந்தலைப் பற்றி வெளியே இழுத்துத் தள்ளினார் என்பர். எந்தக் கூந்தலுக்காக அவர் ஊரையே எதிர்த்து நின்றாரோ, அதைப் பிடித்தே இழுத்தனர். வெங்கமாம்பா பதிலுக்கு யாரையும் வையவில்லை. பிறந்த ஊரை விட்டுப் புறப்பட்டு, திருமலைக்கு நடந்தார்.

இன்றைய திருமலையை மனத்தில் வைத்துக்கொண்டு அன்றைய திருமலையை எண்ணிப் பார்க்க முடியாது. மோட்டார் வண்டிகள் செல்லும் முதல் மலைப்பாதை 1944-இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை அலிப்பிரியின் படிகளும் காட்டு வழிகளும்தான். மேலே கோயிலும், மடங்களும், சில வீதிகளும், சுற்றிலும் அடர்ந்த காடும் இருந்தன. ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் கோயில் வருவாய் அரசுக் கடனுக்கும் போர்ச் செலவுக்கும் பயன்பட்டது. 1801-இல் கம்பெனி அதை நேரடியாக எடுத்துக்கொண்டது. அடியார்கள் காணிக்கை கொண்டுவந்தனர். அது மலையிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. மலையேறிவந்த ஏழை அடியாரின் பசியைப் பற்றி ஆட்சியாளருக்குக் கவலை இல்லை.

கையில் ஒன்றுமின்றி வந்த வெங்கமாம்பாவின் பாடல்களைக் கேட்டு, ஹாதிராம்ஜி மடத்தின் மஹந்தாக இருந்த ஆத்மாராம் தாஸ் அவருக்கு ஆதரவளித்தார். அன்னமாச்சாரியாரின் வழிவந்த தாள்ளப்பாக்கத்தார் அவர் தங்குவதற்கு இடம் அளித்தனர். புலவர் குடும்பம் ஒன்று, தங்கள் முன்னோரின் புகழுக்குப் போட்டியாக வரக்கூடிய மற்றொரு புலவரை வரவேற்று வீடு தந்தது சாதாரணச் செயல் அன்று.

இரவு பூஜை முடியும் வேளையில் வெங்கமாம்பா வேங்கடவனுக்கு ஆரத்தி எடுக்கத் தொடங்கினார். இங்கும் தடை வந்தது. நடை சாத்திய பின்னும் அவர் உள்ளே சென்று பாடி, முத்துக்களைச் சொரிந்து வழிபட்டார் என்றும், காலையில் கருவறையில் முத்துக்களைக் கண்டவர்கள் ஐயுற்று அவரை விலக்கினர் என்றும் மரபு கூறுகிறது. அவர் காட்டுக்குள் தும்புரு கோனை என்னும் பள்ளத்தாக்குக்குச் சென்று ஆறு ஆண்டுகள் தவத்தில் இருந்தார். பின்னர் கோயிலாரே அவரை மீண்டும் அழைத்து, ஏகாந்த சேவையின் போது ஆரத்தி எடுக்கும் உரிமையை அளித்தனர். தாலாட்டு தாள்ளப்பாக்கத்தாருடையது, ஆரத்தி தரிகொண்டாருடையது என்று அங்கே வழங்கும் சொல் இதனால் வந்தது. முத்யால ஆரத்தி என்னும் அச்சேவை அவர் பெயரால் இன்றளவும் நிகழ்கிறது.

மங்கல நிகழ்ச்சிகளில் முகம் காட்டக்கூடாது என்று ஊர் விலக்கிய பெண்ணின் ஆரத்தியோடுதான் திருமலையில் வேங்கடவனின் ஒவ்வொரு நாளும் நிறைவுறுகிறது. ஆரத்தியைவிட மங்கலமான செயல் வேறு எது?

எழுத்திலும் அவர் ஓயவில்லை. வேங்கடாசல மாஹாத்மியம், ராஜயோகாம்ருத சாரம், வாசிஷ்ட ராமாயணம், பாகவதம், தரிகொண்ட நரசிம்மர் மீது ஒரு சதகம், விஷ்ணு பாரிஜாதம் முதலான யக்ஷகானங்கள் என்று அவருடைய படைப்புகள் பல. பாமரரும் வாய்விட்டுப் பாடக்கூடிய துவிபதை யாப்பையே பல நூல்களுக்கு அவர் தேர்ந்துகொண்டார். வைணவத் தலத்தில் வாழ்ந்துகொண்டே சிவனைப் பற்றியும் ஒரு நாடகம் இயற்றினார். சமயப் பிணக்குகளில் அவர் மனம் செல்லவே இல்லை. அத்வைதமும் யோகமும் பக்தியும் அவரிடம் சண்டையின்றி ஓரிடத்தில் இருந்தன. பாடசாலை காணாத பெண் இத்தனை எழுதினார் என்பதை, நூல்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் வரையில் நம்புவது கடினம்.

எனினும் அவரை மக்களிடையே நிலைநிறுத்தியது அன்னதானம். நரசிம்ம ஜயந்தி வைகாசி வெயிலில் வருவது. கீழிருந்து நடந்து வருவோர் நா வறண்டு, கால் சோர்ந்து மேலே சேர்வார்கள். அந்த விழாவை ஒட்டிப் பத்து நாட்கள் வெங்கமாம்பா உணவு அளித்தார். தண்ணீர்ப் பந்தல்களும் வைத்தார். தம்மிடம் செல்வம் இல்லாததால் பிறரிடம் கேட்டார். ஜமீன்தார்களும் வணிகர்களும் நிலமாகவும் பொருளாகவும் கொடுத்தனர். கொடைப் பத்திரங்களும் எழுதிக்கொடுத்தனர். வருவதையெல்லாம் அவர் இலையில் இட்டார். ஒரு கோயில் விழா, வழிபடுவோர் கூடிக் கலையும் நிகழ்ச்சி என்ற நிலையிலிருந்து, பசித்தவர் நம்பி வரக்கூடிய நிகழ்ச்சியாக மாறியது. தரிகொண்டாவில் விழாக்களிலிருந்து விலக்கப்பட்டவர், திருமலையில் தாமே ஒரு விழாவை நடத்தி அதற்கு எல்லோரையும் அழைத்தார்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. நூற்றாண்டுகளாக ஒரு பகுதி மக்கள் அந்தக் கோயிலின் வாசலைக் கடக்க முடியாமல்தான் இருந்தனர். சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் வந்த பிறகே அக்கதவு முறைப்படி திறந்தது. ஒரு மகானின் கருணையால் மட்டும் சமூகத்தின் கொடுமை தீர்ந்துவிடுவதில்லை. சட்டமும் வேண்டியிருந்தது, போராட்டமும் வேண்டியிருந்தது. வெங்கமாம்பா தம் கைக்கு எட்டிய தொலைவு வரை செய்தார்.

1817-ஆம் ஆண்டு, ஈஸ்வர வருடம் சிராவண மாதம் வளர்பிறை நவமியன்று அவர் சமாதி அடைந்தார். அதே 1817-இல்தான் கம்பெனி அரசு, கோயில் அறக்கட்டளைகளையும் சத்திரங்களையும் மேற்பார்வையிடச் சென்னை மாகாணத்தில் ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. அறம் அலுவலகக் கோப்புகளுக்குள் சென்ற ஆண்டில் அவர் மறைந்தது தற்செயலே.

அவர் மறைந்த பின் நெடுங்காலம் அவருடைய நூல்களையும் அன்னதானத்தையும் புலவர்களும் ஊர் மக்களும்தான் நினைவில் வைத்திருந்தனர். 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், என்.டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது, திருமலை திருப்பதி தேவஸ்தானம் நித்திய அன்னதானத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 பேருக்கு உணவு. பின்னர் அது பல்லாயிரமாகப் பெருகியது. புதிய கூடம் எழுந்தபோது, யார் பெயரை வைப்பது என்று நெடிது யோசிக்கத் தேவை இருந்திராது. அங்கே குலமும் மொழியும் கேட்பார் இல்லை. விதவை யார், சுமங்கலி யார் என்று பந்தியில் இடம் பிரிப்பாரும் இல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் கலந்து ஒலிக்க, முன்பின் அறியாதவர்கள் தோளோடு தோள் உரச அமர்ந்து உண்கின்றனர்.

வெங்கமாம்பாவின் பிருந்தாவனம் திருமலையில் கோயிலுக்கு வடபுறம் ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியன்றும், சிராவண நவமியன்றும் தரிகொண்டாவிலும் திருப்பதியிலும் திருமலையிலும் அவருக்கு விழா எடுக்கின்றனர். புலவர்கள் அவருடைய நூல்களைப் பற்றி உரையாற்றுகின்றனர். இசைவாணர்கள் அவர் கீர்த்தனைகளைப் பாடுகின்றனர். மற்ற நாட்களில் பிருந்தாவனத்தைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகளின் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். அரிச்சுவடி கற்கும் வாய்ப்பற்றுப் போன அந்த அம்மையார், அவர்களின் நடுவே துயில்கொள்கிறார்.