கடைசியாக வந்த சிறுமி

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி பனிக்கட்டித் தரையில் சறுக்கி ஆடிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஆட்டத்தை நிறுத்தினாள். ஓரத்துக்குப் போனாள். அடுத்து என்ன செய்வது என்று ஆசானிடம் கேட்டாள். பிறகு மறுபடியும் ஆடப் போனாள்.

அது பள்ளிக்கூட விளையாட்டு அல்ல, ஒலிம்பிக் பந்தயம்! 1924-ம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சாமோனி நகரில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக். பெண்கள் பிரிவில் ஆடியவர்கள் 8 பேர். சிறுமிக்குக் கிடைத்தது எட்டாவது இடம்.

கடைசியாக வந்த அந்தச் சிறுமிதான் சோன்யா ஹெனி. பிற்காலத்தில் பனித்தரையின் ராணியாக விளங்கியவர்.

செல்வ மகள்

சோன்யா 1912-ம் ஆண்டு ஏப்ரல் 8-ந் தேதி நார்வே தலைநகரில் பிறந்தாள். தந்தை வில்ஹெல்ம், விலங்குகளின் ரோமத்தோல் விற்கும் பணக்கார வியாபாரி. சைக்கிள் பந்தயத்தில் உலகப் பட்டம் பெற்றவர். மகளின் பயிற்சிக்குப் பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார்.

ஒலிம்பிக் தோல்வியால் சோன்யா சோர்ந்துவிடவில்லை. பாலே நடனம் கற்றாள். ரஷிய நடன ராணி அன்னா பாவ்லோவாவின் ஆட்டம் அவள் மனத்தைக் கவர்ந்தது. அந்த நளினத்தைப் பனித்தரைக்குக் கொண்டுவந்தாள். மற்றப் பெண்கள் நீண்ட பாவாடை அணிந்து ஆடிய காலத்தில், முழங்காலுக்கு மேல் நின்ற பாவாடையுடன் அவள் துள்ளிச் சுழன்றாள்.

மூன்று நடுவர்கள்

1927-ம் ஆண்டு உலகப் பந்தயம் ஆஸ்லோவில், அவள் சொந்த ஊரிலேயே நடந்தது. நடுவர்கள் ஐந்து பேர். அவர்களில் மூவர் நார்வேக்காரர்கள்! மூவரும் சோன்யாவையே முதல்வி என்றார்கள். மற்ற இருவரும் ஆஸ்திரிய வீராங்கனை ஹெர்மா சாபோவைத் தேர்ந்தெடுத்தார்கள். சோன்யா வென்றாள், சாபோ மனம் கசந்து பந்தயங்களிலிருந்து விலகினாள். ஒரு நாட்டுக்கு ஒரு நடுவர்தான் என்று பிறகு விதி வந்தது.

அந்த வெற்றி நியாயமானதுதானா? சோன்யா ஆடிக் காட்டியே பதில் சொன்னார். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கப் பதக்கம். 1927 முதல் 1936 வரை தொடர்ந்து பத்து உலகப் பட்டங்கள்! தனிநபர் ஆட்டத்தில் இந்தச் சாதனையை எந்தப் பெண்ணும் இன்றுவரை எட்டவில்லை.

அழியாத கறை

புகழின் உச்சியில் ஒரு தவறு நேர்ந்தது. 1936-ல் பெர்லினில் ஆடியபோது ஹிட்லருக்குக் கையை உயர்த்தி நாஜி வணக்கம் செலுத்தினார். நார்வே மக்கள் கொதித்தார்கள். நான்கே ஆண்டுகளில் நாஜிப் படை நார்வேயை விழுங்கியபோது அந்தக் கை இன்னும் கசப்பாக நினைவுக்கு வந்தது.

சோன்யா அதற்குள் ஹாலிவுட் நட்சத்திரம் ஆகியிருந்தார். சினிமாவும் பனி நடனக் காட்சிகளும் பெரும் செல்வத்தைக் குவித்தன. 1941-ல் அமெரிக்கப் பிரஜையானார். 1953-ல் அவர் ஆஸ்லோவுக்குக் காட்சி நடத்த வந்தபோது, கோபம் தணிந்த மக்கள் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

வானில் முடிந்த வாழ்வு

1968-ல் சோன்யாவும் கணவர் நீல்ஸ் ஆன்ஸ்டாடும் ஆஸ்லோ அருகே கலைக்கூடம் ஒன்றை நாட்டுக்கு அளித்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி, ரத்தப் புற்றுநோயால் வாடிய சோன்யா பாரிசிலிருந்து ஆஸ்லோவுக்கு விமானத்தில் வந்துகொண்டிருந்தார். தாய்மண்ணைத் தொடும் முன்பே உயிர் பிரிந்தது. வயது 57.

இளையோருக்கென்று தனியாக அகில உலகப் பந்தயம் 1976-ல் பிரான்சில் தொடங்கியது. பெரியவர்கள் பிரிவில் ஆடக் குறைந்தபட்ச வயது 17 என்று 2022-ல் முடிவாயிற்று. இன்று பதினொரு வயதுக் குழந்தையை யாரும் ஒலிம்பிக்கில் நிறுத்த முடியாது. அன்று அப்படி ஒரு விதி இல்லை. பெரியவர்கள் நடுவே தனியாக நின்று, வழி தெரியாமல் ஆசானைத் தேடிய அந்தச் சிறுமி, நான்கே ஆண்டுகளில் அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்றாள்!