வெல்லிங்டன் பிரபுவின் பூட்ஸ்

குன்னூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில் போகிறவர்கள் வழியில் வெல்லிங்டன் என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். வாட்டர்லூவில் நெப்போலியனை முறியடித்த ஆங்கிலத் தளபதியின் பெயர் அது. அவருடைய பெயரைத் தாங்கிய மற்றொரு பொருளும் உண்டு. அதுதான் பூட்ஸ்! சீமையில் மழை பெய்தால் சிறு பிள்ளைகள்கூட மாட்டிக்கொள்ளும் ரப்பர் பூட்ஸுக்கு வெல்லிங்டன் என்றே பெயர். ஆனால் பிரபு தைக்கச் சொன்னது ரப்பரில் அல்ல, தோலில். மழைக்காக அல்ல, குதிரைச் சவாரிக்காக.

ஆர்தர் வெல்லெஸ்லி 1769-இல் அயர்லாந்தில் பிறந்தார். படிப்பில் மந்தம். வயலின் வாசிப்பதில்தான் பிரியம். 1786-இல் பிரான்ஸ் தேசத்து ஆஞ்ஜே நகரிலிருந்த குதிரையேற்றப் பள்ளிக்கு அவரை அனுப்பினார்கள். அங்கேதான் பிள்ளை தேறினார். மறு ஆண்டு பட்டாளத்தில் சேர்ந்தார். 1793-இல் தம்முடைய வயலின்களை நெருப்பிலிட்டு எரித்துவிட்டார்.

நம் நாட்டுக்கு அவர் வந்தது 1797-இல். அவரைக் கொண்டாட நமக்குக் காரணம் எதுவும் இல்லை. 1799-இல் திப்பு சுல்தான் மாண்ட ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் ஆங்கிலேயரின் சேனையில் இருந்தவர். பட்டணம் விழுந்த பின் அதன் அதிகாரமும் அவர் கைக்கே வந்தது. முற்றுகையின் தொடக்கத்தில், சுல்தான்பேட்டைத் தோப்பில் இருட்டில் வழி தவறி, முழங்காலில் அடிபட்டுத் தோற்றுத் திரும்பினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1803-இல் மராட்டியருடன் நடந்த அசாயே யுத்தத்தில் அவர் ஏறியிருந்த குதிரை சுடப்பட்டது. மாற்றி ஏறிய குதிரையும் ஈட்டியால் குத்தப்பட்டது. மூன்றாவது குதிரையில் ஏறித்தான் யுத்தத்தை முடித்தார்.

இப்படிக் காலை முதல் இரவு வரை சேணத்திலேயே இருக்கும் மனிதருக்குப் பூட்ஸ் வெறும் அலங்காரம் அல்ல.

ஒன்றரை அங்குலம் குறைந்தது!

லண்டன் செயின்ட் ஜேம்ஸ் வீதியில் ஹோபி என்ற பூட்ஸ்காரர் கடை வைத்திருந்தார். பெரிய பெரிய பிரபுக்களெல்லாம் அவருடைய வாடிக்கைக்காரர்கள். 1813-இல் விட்டோரியாவில் வெல்லிங்டன் வென்ற செய்தி வந்தபோது, தம்முடைய பூட்ஸும் பிரார்த்தனையுமே அந்த வெற்றிக்குக் காரணம் என்று பெருமையடித்துக்கொண்டார் என ஒரு கதை உண்டு.

அந்த ஹோபிக்கு 1815 ஏப்ரல் 11-ஆம் தேதியிட்டு பிரஸ்ஸல்ஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நெப்போலியன் மீண்டும் பிரான்ஸைப் பிடித்துவிட்டான். ஐரோப்பா முழுவதும் கலங்கி நிற்கிறது. கடிதத்தின் விஷயம் என்ன? கடைசியாக வந்த பூட்ஸ் கெண்டைக்காலில் இறுக்கம், உயரத்தில் ஒன்றரை அங்குலம் குறைவு; திருத்தி இன்னும் இரண்டு ஜோடி அனுப்பவும் என்பதுதான்!

சிரிக்கத் தோன்றும். ஆனால், என்.சி.சி. குதிரைப் பிரிவில் சேர்ந்து முதல் ஜோடி வாங்கப்போகும் மாணவனும் பார்க்க வேண்டியவை அந்த இரண்டுதான். கெண்டைக்காலில் அளவுக்கு மீறி இறுகினால் கால் மரத்துப்போகும். தொளதொளத்தால் தோல் மடிந்து சதையை உராயும். குதிரையின் விலாவைக் கால் உணராது. உயரத்தில் இன்னொரு சூட்சுமம். புதுத் தோல் பழகப் பழகக் கணுக்காலில் மடிப்பு விழுந்து பூட்ஸ் கீழே இறங்கும். ஆகவே வாங்கும்போது முழங்காலின் பின்புறம் சற்று இடித்தாற்போல் இருப்பதே சரி. அன்றே குட்டையாக இருந்தால் பிறகு வழியே இல்லை.

ஜூன் 18-ஆம் தேதி வாட்டர்லூ யுத்தம். கோபன்ஹேகன் என்ற தம் குதிரைமீது பிரபு நாள் முழுவதும் இருந்தார். இரவு இறங்கியதும் அந்தக் குதிரை விட்ட உதை மயிரிழையில் தவறியது.

அந்தக் காலத்தில் கனவான்கள் போட்டது ஹெஸ்ஸியன் பூட்ஸ். மேல் விளிம்பு வளைந்து, முன்புறம் குஞ்சலம் தொங்கும். நீளக் கால்சட்டை வழக்கத்துக்கு வந்ததும் குஞ்சலம் துணிக்குள் புடைத்துக்கொண்டு நின்றது. பிரபு ஹோபியிடம் சொல்லிக் குஞ்சலத்தை எடுக்கச் செய்தார். மெல்லிய கன்றுத் தோலில், காலோடு ஒட்டினாற்போல் வெட்டச் சொன்னார். குதிகால் ஏறத்தாழ ஓர் அங்குலம். அந்தக் குதிகால் அவசியம். அது இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். விழுந்தவனைக் குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும்.

ஊரே அந்த மாதிரியைக் கேட்டு வாங்கியது. 1827-இல், பூட்ஸுக்குள்ளிருந்து பிரபுவின் தலை மட்டும் எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு கேலிச் சித்திரமே வெளிவந்தது. மறு ஆண்டு அவர் பிரதம மந்திரியானார்.

1852 செப்டம்பரில் வால்மர் கோட்டையில் அவர் காலமானார். அடுத்த ஆண்டே ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் பிரான்ஸில் ரப்பர் பூட்ஸ் தொழிற்சாலை தொடங்கினார். சேற்றுக்கும் மழைக்கும் அது நல்லதுதான். ஆனால் அகலமான அந்த ரப்பர் பூட்ஸோடு யாரும் குதிரை ஏறிவிடக் கூடாது; அங்கவடியில் போய் மாட்டிக்கொள்ளும். பிரபு போட்ட தோல் பூட்ஸ் ஒரு ஜோடி, அவர் உயிர்விட்ட வால்மர் கோட்டையிலேயே பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது.